மலைக் காப்பி, கடலோரக் கடை

மாப்பிள்ளைச் சம்பா வாங்க வருபவர் நாலு கேள்வி கேட்காமல் பையை எடுப்பதில்லை. எந்த ஊர் நெல், மருந்து அடித்ததா, எப்போது அரைத்தது, தவிடு எவ்வளவு நீக்கியது. அதே ஆள் அடுத்த கடையில் காப்பித்தூள் வாங்கும்போது “கால் கிலோ” என்பதோடு சரி. தினம் இரண்டு வேளை குடிப்பதைப் பற்றி ஒரு கேள்வியும் எழுவதில்லை.

அரிசியிலும் ஒரு காலத்தில் யாரும் கேட்கவில்லைதான். காரைக்கால் பகுதியைச் சேர்ந்த திருநள்ளாற்றிலிருந்து அதிக தூரமில்லாத திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அந்த விதைகளோடு கேள்வி கேட்கிற வாடிக்கையாளரும் டெல்டாவில் பெருகினார். திருநள்ளாற்றில் இருந்துகொண்டு மலைக் காப்பியை நேரடியாக விற்க நினைப்பவருக்கு முதல் வாடிக்கையாளர் இவர்தான். காவிரி டெல்டாவில் காப்பி விளையாது, ஆனால் விளைந்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் இங்கே விளைந்திருக்கிறது.

இடையில் இருப்பவர் என்ன செய்கிறார்?

“தரகரை நீக்கிவிட்டால் லாபம் முழுவதும் விவசாயிக்கும் நமக்கும்” என்ற நினைப்போடு மலையேறுகிறவர்கள் பலர். தரகரை நீக்கலாம். அவர் செய்துவந்த வேலையை நீக்க முடியாது, அது வேறொருவர் தலையில் வந்து விழும்.

அந்த வேலைகளை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. அறுவடைக்கு முன்பே, பள்ளிக் கட்டணத்துக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படும் மாதங்களில், தரகர் முன்பணம் கொடுக்கிறார். தோட்டத்து வாசலில் மூட்டையை ஏற்றிக்கொள்கிறார். ஈரம் கூடிய சரக்கு, உடைந்த கொட்டை, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறார். தோல் நீக்கிச் சலித்துத் தரம் பிரிக்கும் ஆலைக்குக் கொண்டுபோகிறார். விலை இறங்கினால் அந்த நஷ்டம் அவருடையது. இந்த ஐந்தில் ஒன்றையாவது விட்டுவிட்டு நேரடி வியாபாரம் செய்கிறவர், இரண்டாம் ஆண்டு போகும்போது தோட்டக்காரர் பழைய தரகரிடமே திரும்பியிருப்பதைப் பார்ப்பார்.

நேரடி விற்பனை என்பதே இந்தியக் காப்பிக்குப் புதிய பழக்கம். 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் காப்பி வாரியத்தை உருவாக்கியது. தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். தரத்துக்கேற்பப் புள்ளி போட்டு, சரக்கு விற்க விற்கத் தவணை தவணையாகப் பணம் வரும். யாருடைய தோட்டத்துக் கொட்டை யாருடைய டம்ளருக்குப் போனது என்று அதில் யாரும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் இந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்தது. 1996-இல் எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் விற்பனைச் சுதந்திரம் வந்தது. தோட்டத்தின் பெயரைப் பொட்டலத்தில் அச்சிட்டு விற்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. 2013-இல் டெல்லியில் ஒரு தம்பதியர் தொடங்கிய புளூ டோக்காய், தோட்டத்தின் பெயரையும் வறுத்த தேதியையும் பொட்டலத்தின் மேல் போட்டு, தபாலில் அனுப்பி விற்கத் தொடங்கியது.

எந்த மலை?

இந்தியக் காப்பியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டியதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி அராபிகா. சேர்வராயன் மலையில் ஏற்காடு, கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியும் அதைச் சுற்றிய ஊர்களும், நீலகிரி, ஆனைமலை ஆகியவை முக்கியமான இடங்கள்.

கடலோரத்து வியாபாரிக்குக் கீழ்ப்பழனி தோதான இடம். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி நெடுங்காலமாகக் காப்பி வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். தோட்டங்களில் காப்பி தனியாக நிற்பதில்லை. மேலே பலாவும் சில்வர் ஓக்கும், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, இடையிடையே மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழை இந்தத் தோட்டங்களில் காப்பிக்குத் துணைப்பயிர். அந்த வாழைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வாடிக்கையாளரிடம் “நிழலில் விளைந்த காப்பி” என்று சொல்வதைவிட, “பஞ்சாமிர்த வாழைக்குப் பக்கத்தில் விளைந்த காப்பி” என்றால் சட்டென்று பிடிபடும். அது உண்மையாகவும் இருக்கும்.

பறிப்புக் காலத்தில், அதாவது கார்த்திகை முதல் தை வரையிலான மாதங்களில், ஒரு முறையாவது நேரில் போகவேண்டும். மற்ற மாதங்களில் தோட்டம் அழகாக இருக்கும், தகவல் கிடைக்காது. பறிக்கும் நாளில் கூடையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எல்லாம் சிவந்த பழமாக இருந்தால், ஒரே செடிக்கு நாலைந்து தடவை ஆள் விட்டுப் பறிக்கிறார்கள் என்று பொருள். பச்சையும் மஞ்சளும் கருப்பும் கலந்திருந்தால் ஒரே தடவையில் உருவியிருக்கிறார்கள், கூலி மிச்சம். அந்த மிச்சம் டம்ளரில் துவர்ப்பாக வந்து சேரும்.

நியாயத்தை எதைக்கொண்டு அளப்பது?

“நியாயமான முறையில் விளைந்தது” என்று அட்டையில் அச்சிட யாராலும் முடியும். கேட்டுப் பதில் வாங்கக்கூடிய நான்கு விஷயங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பயன் தரும்.

முதலாவது, கூலி. பறிப்பவருக்கு நாள் கணக்கா, கிலோ கணக்கா? பழுத்ததை மட்டும் பறித்தால் கிலோ குறையும், அதை யார் ஈடுகட்டுகிறார்கள்? இதைத் தோட்டக்காரரிடம் மட்டுமன்றி, பறிக்கும் பெண்களிடமும் கேட்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர். பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்திலிருந்து வரும் கழிவுநீர் குழியில் வடிகிறதா, நேரே ஓடையில் விழுகிறதா? மூன்றாவது, மரம். பத்து ஆண்டுகளில் நிழல் மரங்கள் கூடியிருக்கின்றனவா, தடிக்கு வெட்டப்பட்டிருக்கின்றனவா? நான்காவது, மருந்து. அராபிகாவுக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத்துளைப்பான். தோட்டக்காரர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்ற கேள்விக்கு வரும் பதில், மற்ற எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

விவசாயிகளே உரிமையாளராக இருக்கும் அமைப்பிடம் வாங்குவது இன்னொரு வழி. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை தொண்ணூறுகளிலிருந்து பழங்குடி மக்களோடு வேலை செய்துவருகிறது. அந்த முயற்சியிலிருந்து 2013-இல் பிறந்தது ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம். இருளர், குறும்பர் உள்ளிட்ட பழங்குடியினரே இதன் பங்குதாரர்கள். தேன், மிளகு, இலவம்பஞ்சு, சிறுதானியங்களோடு காப்பியையும் இவர்கள் பதப்படுத்தி விற்கிறார்கள். 147 ஊர்களில் பரவிய இந்த நிறுவனத்துக்கு 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் எக்குவேட்டர் பரிசு கிடைத்தது. இங்கே தரகரின் வேலைகளை உறுப்பினர்களின் சொந்த நிறுவனமே செய்கிறது. சேகரிப்பும் தரம் பிரிப்பும் மலையிலேயே நடக்கின்றன, அதன் வருமானமும் மலையிலேயே தங்குகிறது.

பெரிய அளவில் இதையே செய்து காட்டியது ஆந்திரத்து அரக்கு. நாந்தி அறக்கட்டளையின் துணையோடு அங்கே ஆதிவாசி விவசாயிகள் 2007-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பத்தே ஆண்டுகளில், 2017-இல், பாரிஸ் நகரத்தில் அரக்கு காப்பிக்கென்று தனிக் கடை திறந்தது. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த காரைக்காலில் பாரிஸ் உறவினர் இல்லாத தெரு குறைவு. அரக்குவின் கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

விலை: நியூயார்க்கும் நோட்டுப் புத்தகமும்

தாண்டிக்குடியில் ஒரு மூட்டைக்கு இன்று என்ன விலை என்பதை முடிவு செய்வது தாண்டிக்குடி அல்ல. அராபிகாவின் விலை நியூயார்க் சந்தையிலும், ரோபஸ்டாவின் விலை லண்டனிலும் நகர்கிறது. 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்ததும் விலை ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு அராபிகா நான்கு டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது.

விலை ஏறும்போது தோட்டக்காரர் வாக்கை மீறிச் சந்தையில் விற்றால் கோபம் வருகிறது. விலை இறங்கும்போது வாங்குபவர் ஒதுங்கிக்கொள்வதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் வேண்டும். சந்தை எவ்வளவு சரிந்தாலும் இதற்குக் கீழே போகமாட்டோம் என்று ஒரு அடிவிலை. சந்தை அதைத் தாண்டினால், அன்றைய விலைக்கு மேல் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு கூடுதல். பணத்தில் பாதியைப் பறிப்புக்கு முன்பும் மீதியைச் சரக்கு ஏறும் அன்றும் கொடுத்துவிடுவது, தரகரின் முன்பண வேலையை ஏற்றுக்கொண்டதாகும்.

இனிக் கணக்கு. கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலை அல்ல. 60 கிலோ பச்சைக் கொட்டை, கிலோ 500 ரூபாய் வீதம் 30,000 ரூபாய். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறையும். ஆறில் ஒரு பங்கு குறைந்தால் 50 கிலோ மிஞ்சும், அது 250 கிராமில் 200 பொட்டலம்.

லாரி வாடகை 1,200, வறுவல் கூலியும் மின்சாரமும் 3,000, பையும் லேபிளும் 2,400, மாதிரி கொடுத்ததும் வீணானதும் 2,000, கடை வாடகையில் காப்பியின் பங்கு 3,000. ஆக மொத்தச் செலவு 41,600 ரூபாய். பொட்டலம் 275 ரூபாய் என்று விற்றால் வரவு 55,000. அதில் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு ஏறக்குறைய 2,620 போனால் 52,380. மிஞ்சுவது 10,780 ரூபாய்.

வாரத்துக்கு 20 பொட்டலம் போனால் இதை விற்று முடிக்கப் பத்து வாரம் ஆகும். வாரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் நிற்கும். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பாரம்பரிய அரிசி, செக்கு எண்ணெய், தேன் என்று ஏற்கெனவே விற்கும் கடைக்குள் ஓர் அலமாரியாகக் காப்பி நுழைவதே திருநள்ளாறு அளவுள்ள ஊருக்குப் பொருந்தும். இன்னொரு எண்ணும் இந்தக் கணக்கில் இருக்கிறது. வாடிக்கையாளர் தரும் 55,000 ரூபாயில் 30,000 தோட்டத்துக்குப் போகிறது, அதாவது நூற்றுக்கு ஐம்பத்துநான்கரை. அட்டையில் “நியாயம்” என்ற சொல்லுக்குப் பதிலாக இந்த எண்ணை அச்சிடலாம்.

கடற்காற்றில் ஒரு மூட்டை

டெல்டாக்காரருக்கு ஈரப்பதம் பற்றிப் பாடம் தேவையில்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் என்ற எண்ணுக்காக ரோட்டில் நெல்லைக் காயவைத்துக் காத்திருந்தவர்கள். காப்பிக் கொட்டைக்கு அந்த எண் 10 முதல் 12 வரை. மலையில் அந்த அளவுக்குக் காயவைத்த கொட்டை, கடலிலிருந்து சில கிலோமீட்டரே தள்ளியிருக்கும் திருநள்ளாற்றுக்கு வந்ததும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெறும் சாக்கில் தரையில் கிடந்த மூட்டையைப் பிரித்தால், நீலங்கலந்த பச்சையாக வந்த கொட்டை வெளுத்து, பூசண வாடை அடிக்கும். வறுத்தாலும் அந்த வாடை போகாது.

இதற்கு வழி எளிது. சாக்குக்குள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை, தரைக்கும் மூட்டைக்கும் நடுவே மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி. முக்கியமாக, ஆண்டுக்குத் தேவையானதை ஒரே தடவையில் இறக்காமல் இரண்டு மாதத்துக்கு ஒரு மூட்டையாக வரவழைப்பது. மீதி மலையிலேயே இருக்கட்டும், அங்கே காற்று குளிர்ந்திருக்கும். சேமிப்பு வாடகையாகத் தோட்டக்காரருக்கு ஒரு தொகை கொடுத்தால், அதுவும் நேரடி வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

வறுவலும் சிக்கரியும்

வறுத்த கொட்டை இரண்டு, மூன்று நாள் வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உடனே இறுக்கி மூடினால் பை உப்பும். ஒருவழி வால்வு வைத்த பைகள் இதற்காக வந்தவை. முழுக் கொட்டை மூடிய பையில் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். தூளோ பிரித்த சில நாளிலேயே மணம் இழந்துவிடும். ஆகவே கொட்டையாக வைத்து, கேட்கும்போது அரைத்துக் கொடுப்பது நல்லது. டெல்டாவுக்கு இது புதிதல்ல. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய அரைவைக் கடைகளில் “பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, சிக்கரி இருபது” என்று சொல்லி, மிஷினுக்குப் பக்கத்தில் நின்று சூடான தூளை வாங்கிப்போன தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தக் கடைகளின் விலைப் பலகையில் தரத்தின் பெயர் இருந்தது. புதிய கடைக்காரர் அதில் தோட்டத்தின் பெயரையும் வறுத்த தேதியையும் சேர்த்தால் போதும்.

முதல் மாதத்தில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றே.

“என்ன தம்பி, டிகாக்‌ஷன் கலரே இறங்கல?”

“சிக்கரி இல்லம்மா. ஒரு கரண்டி தூள் கூடப் போட்டு, தண்ணிய கொறச்சு ஊத்திப் பாருங்க.”

குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் சிக்கரிக் கிழங்கை வறுத்து அரைத்துச் சேர்த்தால் கறுப்பும் கெட்டியும் கிடைக்கும். அந்த நிறத்துக்குப் பழகிய கண்ணோடு சண்டை போடுவது வீண். சிக்கரியைத் தனி டப்பாவில் வைத்து, கேட்பவருக்குக் கேட்ட அளவு கலந்து கொடுக்கலாம். கலந்ததைப் பொட்டலமாக விற்றால் காப்பி எத்தனை, சிக்கரி எத்தனை சதவீதம் என்று லேபிளில் தெளிவாகப் போடவேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

சனிக்கிழமைக் கூட்டம்

திருநள்ளாற்றுக் கடைக்கு வாடிக்கையாளர் மூன்று வகை. உள்ளூர்க்காரர் வாரம் ஒரு பொட்டலம் வாங்குவார், கடை நிற்பது இவரால். சனிக்கிழமை விடியற்காலையில் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டுத் தலை ஈரத்தோடு காப்பி தேடுகிற பக்தர் இரண்டாமவர். இவரிடம் தூளை நீட்டிப் பயனில்லை, முதலில் ஒரு டம்ளர் காப்பி. குடித்து முடித்ததும் “இது எந்தத் தூள்?” என்று கேட்பவருக்கு நூறு கிராம் பொட்டலம் பையில் இடத்தை அடைக்காது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சிக்கு வரும் பெருங்கூட்டத்தை நம்பிச் சரக்கு குவிப்பது மட்டும் ஆபத்து. மிஞ்சியது வீட்டிலேயே பழசாகிவிடும்.

மூன்றாமவர், ஊருக்குப் போனபின் மறுபடி கேட்பவர். பொட்டலத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தால் அவர் கேட்பார். தபாலில் அனுப்பலாம். இங்கே காரைக்காலுக்கே உரிய சிக்கல் ஒன்று குறுக்கிடும். மூன்று பக்கமும் தமிழ்நாடு சூழ்ந்திருந்தாலும் இது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. மயிலாடுதுறைக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும், ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும். கடைக்கு வந்து கையில் வாங்கிப் போகிறவருக்கு இது பொருந்தாது.

மற்ற காகிதங்கள் எளியவை. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், பொட்டலம் கட்டியவரின் முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் செய்ய ஒரு எண். “இயற்கை வேளாண்மையில் விளைந்தது” என்று அச்சிட விரும்பினால், தோட்டத்துக்கு அதற்கான சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்சிடவேண்டும். 2017-இல் வந்த விதிகள் இதைக் கேட்கின்றன. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துப் பெறும் பிஜிஎஸ் சான்று இதற்குச் செலவு குறைந்த வழி.

முதல் ஆண்டின் கடைசி மூட்டை

முதல் ஆண்டுக்கு ஒரே தோட்டம், மூன்று அல்லது நான்கு மூட்டை என்பதே அளவு. எந்த வாரம் எத்தனை பொட்டலம் போனது, எது திரும்பி வந்தது, யார் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த தை மாதம் மலைக்குப் போகும்போது தோட்டக்காரரிடம் காட்டலாம். தன் காப்பி எங்கே போனது, குடித்தவர் என்ன சொன்னார் என்று தொகுப்புக் காலத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை, தரகர் காலத்திலும் தெரிந்ததில்லை.

கடைசி மூட்டையை வறுத்து முடிக்கும் முன், கால் கிலோ பச்சைக் கொட்டையைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி, மேலே தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் எழுதி வைத்துவிட வேண்டும். புதுச் சரக்கு இறங்கிய அன்று இரண்டையும் அடுத்தடுத்து வறுத்து, இரண்டு பில்டரில் இறக்கி, பால் சேர்க்காமல் குடித்துப் பார்ப்பதற்காக.